அந்தமான் டைவிங் பேக்கேஜ்ல 74,500 ரூபாய் போச்சு: வேலூர், காட்பாடிக்காரங்க அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி படிங்க

74,500 ரூபாய், ரெண்டு பேருக்கு. ஃபிளைட் டிக்கெட் இதுல சேராது, அது சென்னையிலிருந்து நாங்களே போட்டது. ஹேவ்லாக் தீவுல ஏசி ரூம், போக வர தனியார் ஃபெர்ரி, மச்சானுக்கு ஓபன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங் கத்துக்கிற முதல் கோர்ஸ்), ஏற்கனவே டைவிங் சர்டிஃபிகேட் கார்டு வச்சிருக்கிற எனக்கு நாலு போட் டைவ். இதுக்குத்தான் அந்தக் காசு. கிடைச்சது ஃபேன் ரூமும், கரையோரத்துல மச்சானுக்கு ஒரே ஒரு ட்ரை டைவும் (கோர்ஸ் இல்லாம இன்ஸ்ட்ரக்டர் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது). ஏமாத்தினது வேலூர்லயே போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு டிராவல்ஸ். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிட்டிருக்கேன், அதனால பேர் போடல.

அந்த டிராவல்ஸ்காரரை என்னை நம்ப வச்சது அவரோட பேச்சு. மத்த டிராவல்ஸ்ல ஸ்கூபான்னு சொன்னாலே "ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டி விடுவாங்க சார்"னு ஆரம்பிப்பாங்க. சிலிண்டர்ல இருக்கிறது அழுத்தி அடைச்ச சாதாரணக் காத்து, அதுகூடத் தெரியாது. இவரு அப்படி இல்ல. ஹேவ்லாக் பக்கத்து டைவ் இடம் ஒண்ணைச் சொல்லி, "ஜானிஸ் கார்ஜ் கேட்கறீங்க, முப்பது மீட்டர் கிட்ட போகும், அட்வான்ஸ்டு கார்டு (அடுத்த கட்ட கோர்ஸ் கார்டு) இருக்கா சார்?"னு அவரே கேட்டாரு. மச்சானுக்கு மெடிக்கல் ஃபார்ம் வாட்ஸ்அப்ல அனுப்பி, ஆஸ்துமா, காது, சைனஸ் எல்லாம் டிக் பண்ணச் சொன்னாரு. கடைசி டைவுக்கும் ஃபிளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரம் விட்டே பிளான் போட்டிருந்தாரு. இவ்வளவு சரியாப் பேசுற ஆளை யார் சந்தேகப்படுவாங்க? முதல்ல 40,000. அப்புறம் "ஃபெர்ரி சீட் வேகமாப் போகுது, கம்பெனி அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு, என் பேர்ல போடுங்க"ன்னு மீதி 34,500. ரசீதுல "டூர் பேக்கேஜ்"னு ஒரே ஒரு வரி.

ஸ்ரீ விஜய புரத்துல (பழைய போர்ட் பிளேர்) இறங்கினதும் கையில கொடுத்தது அரசு போட் டிக்கெட். அரசு போட்டைக் குறை சொல்லல, ஆனா கட்டணம் தனியார் ஃபெர்ரியை விட ரொம்பக் கம்மி. வாங்கினது தனியாருக்கான காசு. ஹேவ்லாக்ல பிளான்ல போட்டிருந்த டைவ் சென்டருக்குப் போனா, "உங்க பேர்ல புக்கிங்கே இல்லையே"ங்கறாங்க. அவங்க மேல தப்பில்ல, அவங்களுக்கு ஒரு ரூபாகூட வரல.

உடனே டிராவல்ஸ்காரர் பீச்சுக்கு ஒரு புரோக்கரை அனுப்பினாரு. "இதுவும் அதே கோர்ஸ்தான் சார்"னு சொல்றான். அதே கோர்ஸா? ஓபன் வாட்டர்னா முதல்ல தியரி, அப்புறம் ஆழமில்லாத தண்ணில பயிற்சி: மாஸ்க்ல தண்ணி விட்டு வெளியேத்துறது, வாய்ல இருக்கிற ரெகுலேட்டரை (மூச்சு விடுற கருவி) கழட்டித் திரும்பப் போடுறது, காத்து தீர்ந்தா கூட வர்றவரோட ஆக்டோபஸ்ல (அவர்கிட்ட இருக்கிற ஸ்பேர் ரெகுலேட்டர்) மூச்சு விடுறது. அதுக்கு மேல கடல்ல நாலு டைவ், அதிகபட்சம் 18 மீட்டர். மூணு நாலு நாள் பிடிக்கும், முடிஞ்சா ஆயுசுக்கும் கார்டு. ட்ரை டைவ்ல முக்கா மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிடும். இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாரு, நாம மீனைப் பார்த்துட்டு வரலாம். முதல் தடவை போறவங்களுக்கு அது நல்ல விஷயம்தான். அதைக் கோர்ஸ் விலைக்கு விக்கிறதுதான் திருட்டு.

மச்சானுக்கு மாட்டின செட்டையும் பார்த்தேன். சிலிண்டர்ல காத்து எவ்வளவு அழுத்தத்துல இருக்குன்னு காட்டுற கேஜ்ல 200 பார் கிட்ட இருக்கணும், காட்டினது 130. மூச்சு இழுக்கும்போதெல்லாம் முள் கீழே விழுந்து விழுந்து எழுந்துச்சு. அப்படின்னா சிலிண்டர் வால்வை முழுசாத் திறக்கலன்னு அர்த்தம். ஆழத்துக்குப் போனா காத்து பத்தாது. நான் சொன்னதுக்கு அப்புறம்தான் திருகினான். காதை எப்படிச் சமன் பண்ணணும், மேல வரும்போது ஏன் மூச்சைப் பிடிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. பத்து மீட்டர்ல அழுத்தம் மேல இருக்கிறதை விட ரெண்டு மடங்கு. அங்க இழுத்த காத்தை அடக்கிட்டு மேல வந்தா, அது விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும்.

ஸ்நார்க்கலிங்கும் இதே லட்சணம். எலிஃபண்ட் பீச்ல "காம்ப்ளிமெண்டரி"ன்னு சொல்றது டியூப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்ன ரவுண்டு, அவ்வளவுதான். அதுக்கு மேல நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. (மீசை வச்சிருக்கிறவங்களுக்கு மாஸ்க் கசியும். ஸ்ட்ராப் போடாம முகத்துல வச்சு மூக்கால இழுத்துப் பாருங்க, கீழே விழாம ஒட்டிக்கிட்டு நின்னா சைஸ் சரி.)

இனி ஃபோன் கதை. முதல்ல "அங்க நம்ம ஆள் பேசுவார் சார்". அப்புறம் "கடல் சரியில்ல". அதே நாள் அதே கடல்ல அந்த டைவ் சென்டர் போட் ரெண்டு டிரிப் போய் வந்துச்சு. அப்புறம் வந்ததுதான் உச்சம்: "கடைசி நாள் காலைல ரெண்டு டைவ் அடிச்சிட்டு அப்படியே ஃபெர்ரி பிடிங்க, சாயங்காலம் ஃபிளைட்". 18 மணி நேரம்னு பாடம் எடுத்த அதே வாய்! உடம்புல நைட்ரஜன் கரைஞ்சிருக்கும்போது ஃபிளைட் ஏறினா, கேபின் அழுத்தம் குறைஞ்சு அது குமிழியாகும். மூட்டு வலியில ஆரம்பிச்சு கை கால் முடங்குற வரைக்கும் போகும். இதான் அவங்க தர்ற நஷ்ட ஈடு.

ஊருக்கு வந்து ஆபீஸ் போனா "சார் மெட்ராஸ் போயிருக்காரு", "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட்", "பார்ட்னரைக் கேட்கணும்". இப்ப வாட்ஸ்அப்ல ஒத்த டிக். 74,500ல அஞ்சு பைசா திரும்பி வரல.

என்ன செய்யலாம்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இருக்கிற எரிச்சல்ல இவ்வளவுதான் முடியுது:

டைவுக்கான காசை டைவ் சென்டருக்கே நேரா கட்டுங்க. டைவிங் கோர்ஸ் கார்டு கொடுக்கிற அமைப்புகளான பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. வெப்சைட்ல அந்த சென்டர் இருக்கான்னு தேடிப் பாருங்க.

ஃபெர்ரி டிக்கெட்ல உங்க பேரும் பி.என்.ஆரும் வர்ற வரைக்கும் மீதிக் காசு கொடுக்காதீங்க. ஹேவ்லாக்கை ஸ்வராஜ் த்வீப்னுதான் போட்டிருப்பாங்க, குழம்பாதீங்க.

தனி ஆள் பேர்ல யூபிஐ கேட்டா எழுந்து வந்துடுங்க.

ஏமாந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. 2019 சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம், அந்தமான் வரைக்கும் அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வாட்ஸ்அப் சாட்டை இன்னைக்கே எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க.