பெட்டி வந்துகொண்டிருக்கிறது

அம்மாவின் வலது தோளில் செயற்கை மூட்டு பொருத்தும் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், "பெட்டி வந்துகொண்டிருக்கிறது" என்ற ஒரே பதிலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்த அந்தப் பகல்தான் இன்னும் ஆறவில்லை.

முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு முதல் கேஸ் அம்மா. பச்சை அங்கி போட்டாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு கழற்றியே அறியாத மூக்குத்தியை, திருகு இறுகிப் போயிருந்ததால் சிஸ்டர் சோப்பு நீர் தடவி எடுத்தார். தோளில் பேனாவால் அம்புக்குறிகூடப் போட்டுவிட்டார்கள். ஒன்பதானது, பத்தரையானது. எந்தப் பெட்டி என்று கேட்டால், "சென்னையிலிருந்து வருகிறது சார், திண்டிவனம் தாண்டிவிட்டது" என்கிறார் வரவேற்பறைப் பெண். சம்பந்தி வீட்டுச் சீர்வரிசை வருவதைப் போல அவ்வளவு நிதானம்.

செயற்கை மூட்டு மருத்துவமனை அலமாரியில் இருக்காது. விநியோகஸ்தர் எல்லா அளவிலும் பந்து, கிண்ணம், தட்டு, திருகு, துளைக் கருவி என்று பெட்டியில் அடுக்கி அனுப்புவார். பொருத்தியது போக மிச்சம் திரும்பிப் போகும். நான் வசிக்கும் பிரான்சின் லியோனிலும் பல சமயம் இப்படித்தான் நடக்கிறதாம். ஆனால் அங்கே பெட்டி வந்து சேராமல் நோயாளியைப் பட்டினி போட மாட்டார்களாம். மயக்க மருந்துக்கு முன் திட உணவை 6 மணி நேரமும் வெறும் தண்ணீரை 2 மணி நேரமும் நிறுத்தினால் போதும் என்பதுதான் வழிகாட்டுதல். எழுபத்தைந்து வயதுக்காரியின் உதடு வெடித்துக் கிடக்கிறது, கேட்டால், "டாக்டர் சொல்லாமல் தர முடியாது சார்."

நண்பகலில் பெட்டி வந்தது. அம்மாவுக்கு வேண்டிய அளவில் தட்டு அதில் இல்லை.

நான் சண்டைக்குத் தயாராக நின்றபோது அறுவை மருத்துவரே வெளியே வந்தார். முதலில் அம்மாவுக்கு இளநீர் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னைக் கணினி முன் உட்காரவைத்து சி.டி. ஸ்கேனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். லியோனில் ஒரு நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்து, உள்ளே போனால் கால்மணி நேரத்தில் வெளியே வந்து பழகிய எனக்கு இது புதிது.

தோளைத் தூக்கும் தசைநார்கள் கிழிந்துபோனதால் கை எலும்பின் பந்து மேலே ஏறி உரசிக்கொண்டிருந்தது. இந்தச் சிகிச்சையில் இடத்தை மாற்றிவிடுகிறார்கள்: பந்து தோள்பட்டை எலும்புக்கு, கிண்ணம் கை எலும்புக்கு. அப்போது வெளித்தசையான டெல்டாய்டு ஒன்றே கையைத் தூக்கிவிடும். 1985இல் இதை வடிவமைத்த பால் கிராமோன், எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் இருக்கும் திஜோன் நகரத்து மருத்துவர். மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு ஏனோ சொந்த ஊர்க்காரரைப் பற்றிக் கேட்டதுபோல் ஒரு பெருமை.

"பாரமெல்லாம் இந்தத் தட்டின்மேல்தான்" என்று பேனா முனையை வைத்தார். பந்தைத் தாங்கும் தட்டு, தோள்பட்டை எலும்பில் உள்ள குழியின் கீழ் விளிம்போடு ஒட்டி, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து உட்கார வேண்டும். மேலே ஏறிவிட்டால் கையை இறக்கும்போதெல்லாம் கிண்ணம் அடி எலும்பைத் தேய்த்துப் பள்ளமாக்கும். மேல் திருகு, தோளின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் காக்கை மூக்கு எலும்பின் அடிப்பகுதியையும், கீழ்த் திருகு தோள்பட்டை எலும்பின் தடித்த ஓரத்தையும் கவ்வ வேண்டும். தட்டின் சொரசொரப்பான முதுகில் எலும்பு வளர்ந்து பிடிக்கும்வரை அந்தத் திருகுகள்தான் காவல். அதற்குள் தட்டு 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு ஆடினாலே எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, பின்னால் கழன்றுகொள்ளும். அம்மாவின் குழி குறுகலானது. வந்த தட்டு அதில் விளிம்பைத் தாண்டி நிற்கும். திருகுகளுக்குப் போதிய எலும்பு கிடைக்காது. "சமாளித்து வைத்துவிடலாம் சார். ஆனால் வைக்க மாட்டேன். நாளைக்குச் செய்கிறேன்."

என் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதி அலுவலகத்தின்மேல் அப்படியே இருந்தது. குழியின் அளவு ஸ்கேனில் இருக்கிறது, ஸ்கேன் இவர்களிடமே இருக்கிறது. அனுப்புகிறவரிடம் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரவில்லை?

மறுநாள் சிறிய தட்டு வந்தது. ஸ்கேனில் காட்டிய இடத்திலேயே அது உட்கார்ந்திருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்தேன். சில வாரங்களுக்குக் கையைப் பின்னால் ஊன்றி எழக்கூடாது, பின்னால் கொண்டுபோகவும் கூடாது, மூட்டு நழுவிவிடும் என்றார்கள். அம்மாவின் ஒரே கவலை கொண்டையை யார் முடிவது என்பது.

டிஸ்சார்ஜ் அன்று இன்னொரு சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலுக்குள் வைத்த கருவியின் விவரம் எழுதிய அட்டையை நோயாளி கையில் கொடுத்தாக வேண்டும். இங்கே ஸ்டிக்கர்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்தன. நகல் கேட்டதும் சொத்துப் பத்திரம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். என்றைக்காவது திருகைக் கழற்ற நேர்ந்தால் எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியாமல் எந்தச் சாவியைத் தேடுவது? மூன்று மேசை ஏறி இறங்கி வாங்கினேன். பில்லில் இம்பிளாண்ட் என்று ஒரே வரி, ஒரே தொகை. முழங்கால் மூட்டுக்கு 2017இல் அரசு உச்சவிலை வைத்தது. தோள்மூட்டு அந்த ஆணையில் இல்லை.

தள்ளிப்போன நாளின் அறை வாடகையும் பில்லில் இருந்தது. மேலாளர் வரும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. வாடகையை அடித்துவிட்டார். அந்த நாளின் நர்சிங் கட்டணத்தை மட்டும், "அது சிஸ்டத்தில் ஏறிவிட்டது சார்" என்று விடவே இல்லை.