புது எஸ்எஸ்டி வாங்கியிருக்கீங்களா? ஃபைல் எதையும் நகர்த்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். என் அரை மாசச் சம்பளம் போச்சு. அதைவிடப் பெரிசா ஒண்ணும் போச்சு.

டெஸ்க்டாப்பில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. வீடியோ எடிட் பண்ண உட்கார்ந்தா பாதி நேரம் காத்திருக்கணும். மதர்போர்டில் ஜென் 4 (நாலாவது தலைமுறை) எம்.2 ஸ்லாட், அதாவது எஸ்எஸ்டியை நேரா மாட்டுற இடம், சும்மா கிடந்ததால, 2 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒண்ணு தேடினேன். யார் வேணும்னாலும் கடை போடலாம்ங்கிற மாதிரியான ஒரு ஆன்லைன் தளத்துல, நொடிக்கு 7000 எம்பி வேகம்னு போட்டிருந்தது. விலை கம்மிதான், ஆனா சந்தேகம் வர்ற அளவுக்குக் கம்மியில்லை. வாங்குறதுக்கு முன்னாடி சாட்டில் கேட்டேன்: 2280 அளவா (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்), ஜென் 4 தானா, வாரண்டி எத்தனை வருஷம்? எல்லாத்துக்கும் பொறுமையா பதில் வந்தது. "உங்க போர்டு மாடல் என்னன்னு சொல்லுங்க சார், பொருந்துமான்னு நானே பார்த்துச் சொல்றேன்"னார். பார்த்தும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். அரை மாசச் சம்பளத்தை அனுப்பிட்டேன்.

மாட்டினதும் விண்டோஸ் 1.81 டிபின்னு காட்டுச்சு. நிஜமான 2 டிபி டிரைவும் அப்படித்தான் காட்டும். பழைய டிஸ்க்கில் இருந்த எல்லாத்தையும் நகர்த்தினேன், பழசை ஃபார்மட் பண்ணி வேற வேலைக்கு எடுத்துக்கிட்டேன். பத்து நாள் கழிச்சு பையன் முதல் அடி எடுத்து வெச்ச வீடியோவைத் திறந்தேன். திறக்கல. அடுத்தது, அதுக்கடுத்தது, எதுவும் திறக்கல. ஃபைல் பேர் இருக்கு, சைஸ் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்லை.

டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படிச்சுச் சோதிக்கிற ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கிற புரோகிராமை ஓடவிட்டேன். 118 ஜிபிதான் சரி, மிச்சமெல்லாம் தொலைஞ்சதுன்னு வந்தது. கொள்ளளவு எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் அளந்து பார்க்கிறதில்லைங்க, டிரைவ் தன்னைப் பத்திச் சொல்றதை அப்படியே நம்பிக்கும். இவங்க டிரைவை நடத்துற கன்ட்ரோலர் சிப்போட ஃபர்ம்வேரை (உள்ள இருக்கிற மென்பொருளை) மாத்தி அதைப் பொய் சொல்ல வெச்சிருக்காங்க. இடம் நிறைஞ்ச பிறகும் "எழுதிட்டேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கும், தரவு எங்கேயும் போய்ச் சேராது. வேகத்தையும் அப்புறம்தான் அளந்தேன். 500 எம்பியைக் கொஞ்சம் தாண்டுச்சு, அவ்வளவுதான். அது சாட்டாங்கிற பழைய இணைப்போட வேகம். தங்க நிறப் பின் வரிசையில ரெண்டு வெட்டு இருக்கு, ஜென் 4 டிரைவுக்கு ஒண்ணுதான் இருக்கணும். ஸ்டிக்கரை உரிச்சேன். எழுத்து அழிச்ச ஒரே ஒரு சிப், பக்கத்துல சிப்பே வைக்காத வெறும் ஈயப் புள்ளிகள்.

அதே ஆளுக்கு எழுதினேன். முதல்ல "ஃபார்மட் பண்ணிப் பாருங்க சார்". ரெண்டாவது, "உங்க போர்டுலதான் பிரச்சினை". என் போர்டைப் பார்த்துட்டுச் சரின்னு சொன்னவரே இவர்தான்! மூணாவது, "ஸ்டிக்கரை உரிச்சுட்டீங்க, இனிமே வாரண்டி இல்லை". அதுக்கப்புறம் பதிலே இல்லை.

தளத்துக்குப் புகார் பண்ணினா, திருப்பி அனுப்ப 7 நாள்தான், இன்னைக்கு 11-வது நாள், விற்பனையாளர்கிட்டயே பேசிக்கோங்கன்னு சொல்லிப் புகாரை மூடிட்டாங்க. திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினாங்க. அரை மாசச் சம்பளம்ங்க! போலிப் பொருள் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆகும்னு விக்கிறவனுக்குத் தெரியும், 7 நாள் கெடு வெக்கிற தளத்துக்குத் தெரியாதா?

எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ கை ஓடல. இதை மட்டும் கேளுங்க. டிரைவ் வந்த அன்னைக்கே, காலியா இருக்கும்போதே, முழுக் கொள்ளளவுக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ ஓடவிடுங்க. லினக்ஸ்ல அதே வேலைக்கு எஃப்3 இருக்கு. டிரைவோட நிலைமையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க, புதுசுன்னு பழசை விக்கிறவங்களும் இருக்காங்க. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்துல போட்டுப் பாருங்க. திருப்பி அனுப்புற கெடு முடியுற வரைக்கும் பழைய டிஸ்க்கில் கை வைக்காதீங்க, ஸ்டிக்கரை உரிக்காதீங்க.

அந்தக் கடைப் பக்கத்தை இன்னைக்குக் காலையில தேடினேன், காணோம். அதே ஃபோட்டோ, அதே 7000 எம்பி, வேற கடைப் பேர்ல அதே தளத்துல ஓடிக்கிட்டிருக்கு.