பழைய டிராக்டர் கடை: ஜாக்கி தந்தார்கள், ஆறிய எஞ்சினைத் தரவில்லை

பழைய டிராக்டர் வாங்கி விற்கும் கடை ஒன்றுக்கு இரண்டு முறை போய் வந்தேன். பார்த்தது 45 குதிரைத்திறன் வண்டி, மீட்டரில் 2,800 மணி நேரம். வாங்கவில்லை. ஆனாலும் கடையை முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. 5க்கு 2 கொடுக்கலாம்.

முதலில் திட்டு. "எஞ்சினை ஓட்டிவிடாதீர்கள், நான் வந்து ஸ்டார்ட் செய்துகொள்கிறேன்" என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். "சரிங்கண்ணே" என்றார்கள். போய் இறங்கியதும் பானெட்டைத் தொட்டேன், கதகதவென்று இருந்தது. "இடம் மாத்தி நிறுத்தினோம்ணே." சூடான டீசல் எஞ்சினை யார் வேண்டுமானாலும் ஸ்டார்ட் செய்யலாம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அழுத்தம்) குறைந்திருக்கிறதா, டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுங்காக அடிக்கிறதா என்பதெல்லாம் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினில்தான் தெரியும். அன்றைக்கு அரைச் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. பேசாமல் வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கடை திறக்கும் நேரத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன், தெரிந்த மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு. ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை, நல்லது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. டீசல் எஞ்சினில் ஆயில் ஊற்றி ஓட்டினால் சீக்கிரமே கறுத்துவிடும். அதனால் இது எனக்காகவே மாற்றிய ஆயில். அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த முறை நான்கு தடவை இழுத்த பிறகுதான் பிடித்தது. முதலில் வந்த வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடேறிய பிறகும் ஆக்சிலேட்டரைக் கூட்டும்போதெல்லாம் நீலமாக வந்ததுதான் உறுத்தியது, ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்று அர்த்தம். அண்ணன் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாகச் சும்மா வைத்தார். மூடி தடதடவென்று ஆடியது, ஓரமாக நகர்ந்தது, கீழே விழுந்தது. வாயிலிருந்து குபுகுபுவென்று ஆவி. எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) வேலை இருக்கிறது என்று அவர் வாய் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அந்த 2,800. கிளட்ச் பெடலில் ரப்பரே இல்லை, இரும்பும் நடுவில் வழுவழுவென்று பள்ளம் விழுந்திருந்தது. கேபிளில் ஓடும் மீட்டர் எஞ்சின் வேகத்தைப் பொறுத்துத்தான் கூடும், மெதுவாக ஓட்டினால் குறைவாகத்தான் காட்டும். ஆனால் இந்தப் பெடலுக்கு அந்தச் சமாதானம் போதாது. மீட்டரை மாற்றியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு, நிரூபிக்க முடியாது.

இனி அந்த 2 எதற்கு என்று சொல்கிறேன். ஜாக்கி கேட்டோம், முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லேசாக ஆட்டம் இருந்தது. முன் சக்கரம் திரும்பும் அச்சில் இருக்கும் கிங் பின் புஷ்தான், அது சின்ன வேலை. பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்டைப் பார்க்க, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரையே மாட்டிவிட்டார்கள். மேலே தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம், பத்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கிவிட்டது. ஹைட்ராலிக் சீல் போயிருக்க வேண்டும், இல்லை வால்வ் கசிய வேண்டும். கிளட்ச், கியர், பிரேக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெயிண்ட் மட்டும் சிரிப்பாக இருந்தது. புதுக்கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளப்பு, ஆனால் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் அத்தனையின் வாயும் பெயிண்டில் அடைத்துக் கிடந்தது. அடித்தவர் அதற்கப்புறம் ஒரு தடவைகூட கிரீஸ் வைக்கவில்லை.

எஞ்சின் வேலைக்கு ஆகிற செலவைக் கழித்துக் கேட்டேன். கடைக்காரர் கீழே கிடந்த மூடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து இறுக்கி மூடினார். "எல்லா வண்டியிலும் இப்படித்தாண்ணே ஆடும்" என்றார்.