டேன்ஸ்டாக் குவெரி 5: காட்டுவது எளிது, திருப்புவதுதான் வேலை

ரியாக்ட் குவெரி என்று அறிமுகமாகி, 2022-இல் நான்காம் பதிப்போடு டேன்ஸ்டாக் குவெரி என்று பெயர் மாறிய இந்த லைப்ரரியை (ரியாக்டில் எழுதும் இணையப் பக்கங்களுக்குச் சர்வரிலிருந்து தரவை எடுத்துத் தரும் ஆயத்த நிரல்), ஒரு மொத்த மளிகைக் கடையின் ஆர்டர் பக்கத்துக்காக ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். தரவைக் கேஷில், அதாவது பிரவுசரிலுள்ள தற்காலிகச் சேமிப்பில், வைத்துப் பராமரிப்பதில் அதன் திறமை பலரும் அறிந்தது. ஆகவே இங்கே ஒன்றை மட்டும் எடைபோடுகிறேன்: சர்வர் பதில் சொல்லும் முன்பே மாற்றத்தைத் திரையில் காட்டுவதையும், சர்வர் மறுத்தால் அதைத் திரும்பப் பெறுவதையும் இது எப்படிக் கையாள்கிறது?

அடிப்படை ஏற்பாடு நேர்த்தியானது. பொத்தானைத் தட்டியதும் ஓடும் ஆன்மியூட்டேட் என்ற ஃபங்ஷனில் பழைய தரவைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, கேஷில் புதிய மதிப்பை எழுதிவிடலாம். அங்கே ரிட்டர்ன் செய்கிற அந்தப் பிரதி, பிழை வந்தால் மட்டும் ஓடும் ஆன்எரர் ஃபங்ஷனின் கைக்கு அப்படியே வந்து சேர்கிறது. ஆனால் எழுதுவதற்கு முன், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோரிக்கைகளைக் கேன்சல்குவெரீஸால் நிறுத்த வேண்டும். அந்த ஒரு வரியை நான் விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பிலிருந்து பக்கத்துக்குத் திரும்பியதும் லைப்ரரி தன் இயல்புப்படி தரவைப் புதுப்பிக்கத் தொடங்கும். அந்த நொடியில் கடைப்பையன் கூட்டல் பொத்தானைத் தட்டினால், பொருளின் எண்ணிக்கை ஒருமுறை ஏறி, தாமதமாக வந்த பழைய பதிலால் உடனே இறங்கிவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

படியெடுத்துத் திருப்பும் முறையின் உண்மையான பலவீனம், மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் தெரிகிறது. அரிசி மூட்டை 2 என்று இருக்கிறது. பையன் கூட்டல் பொத்தானை விரைவாக இருமுறை தட்டுகிறார். முதல் தட்டு 2-ஐப் படியெடுத்து 3 என்று காட்டுகிறது, அடுத்த தட்டு 3-ஐப் படியெடுத்து 4 என்று காட்டுகிறது. இருப்பு இல்லை என்று சர்வர் இரண்டையும் மறுத்தால், முதல் பிழை எண்ணை 2-க்குக் கொண்டுபோகிறது, பின்னால் வரும் பிழையோ 3-க்கு ஏற்றிவிடுகிறது. சர்வரில் எப்போதும் இருந்திராத 3, அடுத்த புதுப்பிப்பு வரும்வரை திரையில் நிற்கும். பழைய பிரதியை மீட்பதற்குப் பதிலாக, தோற்ற மாற்றத்தை மட்டும் கழிக்கும்படி ஆன்எரரை மாற்றினேன். இன்னும் முடியாத மாற்றங்கள் எத்தனை என்று சொல்லும் இஸ்மியூட்டேட்டிங் எண்ணிக்கையைப் பார்த்து, கடைசி மாற்றம் முடியும்போது மட்டுமே தரவைப் புதிதாக எடுக்கிறேன். ஸ்கோப் என்ற வசதியைக் கொடுத்தால் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே போகும் என்பது கூடுதல் நிம்மதி.

2023 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு முன்வைக்கும் இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. அதில் கேஷைத் தொடுவதே இல்லை. அனுப்பிக்கொண்டிருக்கும் மதிப்பை, லைப்ரரி அதை வைத்திருக்கும் வேரியபிள்ஸிலிருந்து எடுத்துப் பட்டியலின் கீழே மங்கலாகக் காட்டினால் போதும். தோற்றாலும் அந்த மதிப்பு அழிவதில்லை என்பதால், அந்த வரியைச் சிவப்பாக்கி, பக்கத்தில் 'மீண்டும் அனுப்பு' பொத்தானை வைக்க முடிகிறது. தட்டச்சு செய்த ஆர்டர் குறிப்பு காணாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். வெற்றியோ தோல்வியோ, முடிந்ததும் ஓடும் ஆன்செட்டில்டில், தரவைப் புதிதாக எடுக்கச் சொல்லும் இன்வாலிடேட்குவெரீஸ் தரும் பிராமிஸை (அந்த வேலை முடியும்வரை காத்திருக்க உதவுவது) ரிட்டர்ன் செய்ய மறந்தால் மட்டும், வரி ஒரு கணம் மறைந்து மீண்டும் தோன்றும். பக்கத்தின் வேறு கம்போனன்ட்டுகளிலும் (பகுதிகளிலும்) அதே மதிப்பைக் காட்ட யூஸ்மியூட்டேஷன்ஸ்டேட் இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணைப் பல இடங்களில் காட்டும் பக்கத்துக்குக் கேஷ் முறையே வசதி.

ஒரே திரையோடு முடிகிற வேலை என்றால், 2024 டிசம்பரில் வெளியான ரியாக்ட் 19-இல் உள்ள யூஸ்ஆப்டிமிஸ்டிக் என்ற வசதியே போதும். ஆக்ஷன் (சர்வருக்கு அனுப்பும் வேலை) முடிந்ததும் அது தானாகவே உண்மை நிலைக்குத் திரும்பிவிடும்.

வாங்குவோர் (இலவசம்தான், பேச்சுக்குச் சொல்கிறேன்) கவனிக்க வேண்டியது இணையம் அறுந்த நேரத்து நடத்தை. இயல்பான அமைப்பில், இணைப்பு இல்லாதபோது மாற்றம் தோற்பதில்லை, நிறுத்தி வைக்கப்படுகிறது; ஆகவே ஆன்எரர் ஓடாது, திரையில் 4 என்றே இருக்கும். நிலுவையைச் சேமிக்கத் தனி ஏற்பாடு செய்யாமல் பக்கத்தை மூடினால், கோரிக்கை அதோடு போயிற்று. கிடங்குக்குள் சிக்னல் எட்டாத எங்கள் கடைக்காக, மாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைச் சொல்லும் இஸ்பாஸ்ட் உண்மையாக இருக்கும்வரை எண்ணுக்குப் பக்கத்தில் 'இன்னும் அனுப்பவில்லை' என்று காட்டும்படி செய்திருக்கிறேன்.