வேர்டில் ஆட்டமும் அதற்குத் துணைபோகும் சொல்தேடிகளும்

நியூயார்க் டைம்ஸின் வேர்டில் ஆட ஆங்கிலப் புலமை பெரிதாக வேண்டாம். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் அடிக்கடி உட்காரும் என்று பிடிபட்டால் போதும். ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று, கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. நாம் அடித்த எழுத்தின் கட்டத்தில் பச்சை வந்தால் எழுத்தும் இடமும் சரி; மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு; சாம்பல் என்றால் கிடையாது. நள்ளிரவு தாண்டினால் புதுச்சொல். 2021 அக்டோபரில் ஜாஷ் வார்டில் வெளியிட்டார், 2022 ஜனவரி கடைசியில் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஆட்டம் இன்றும் இலவசம்தான்.

உள்ளே இருப்பது இரண்டு பட்டியல். நாம் அடிக்கும் சொல்லை ஏற்பதற்கு ஒன்று. தொடக்கத்திலேயே அதில் கிட்டத்தட்ட 13,000 சொற்கள். விடையாக வருவதற்கு இன்னொன்று; அதில் சுமார் 2,300 மட்டும். வார்டிலின் துணைவி பலக் ஷா, தனக்குப் பழக்கமான சொற்களை மட்டும் நிறுத்திச் சலித்தெடுத்தது அந்தச் சின்னப் பட்டியல். 2022 நவம்பரிலிருந்து டைம்ஸ் தனி ஆசிரியர் வைத்து விடைகளைத் தேர்கிறது. எஸ் அல்லது இ-எஸ் சேர்த்துப் பன்மையாக்கிய சொல் விடையாக வராது என்றும் அப்போது அறிவித்தார்கள். கூஸின் பன்மையான கீஸ் மாதிரி உருவமே மாறும் பன்மை வரலாம். ஆகவே கடைசிக் கட்டத்தில் எஸ் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் வாய்ப்பை வீணடிப்பது. அதே எஸ் முதல் கட்டத்தில் தங்கம்: பழைய விடைப்பட்டியலில் எஸ்ஸில் தொடங்கும் சொற்கள் 360-க்கு மேல், இ-யில் முடிபவை 400-க்கு மேல்.

ஸ்லேட் நல்ல தொடக்கச் சொல்லாக இருப்பதற்கு இதுவே காரணம்: எஸ் முதலில், இ கடைசியில், நடுவில் எல், ஏ, டி. டைம்ஸின் அலசல் கருவியான வேர்டில்பாட் 2022 ஏப்ரலில் வந்தபோது தொடக்கச் சொல்லாகக் கிரேனைச் சொன்னது, அதே ஆண்டில் ஸ்லேட்டுக்கு மாறியது. பழைய பட்டியலை வைத்து அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் கணக்கிட்டதில் முதலிடம் சேலட்டுக்கு, சராசரி 3.42 முயற்சி. இது சாப்பிடுகிற சாலட் இல்லை, எஸ்-ஏ-எல்-இ-டி என்று எழுதும் பழங்காலத் தலைக்கவசம். மிகப் பலர் அடிக்கும் அடியூவை, அதாவது ஏ-டி-ஐ-இ-யு என்பதை, விட்டுவிடலாம். நான்கு உயிரெழுத்து தெரிந்த பிறகும் மெய்யெழுத்து எதுவென்ற கேள்வி அப்படியே நிற்கும். சொற்களைப் பிரித்துக் காட்டுவது மெய்கள்தான்.

பலருடைய தொடர்வெற்றி அறுபடுவது ஐ-ஜி-எச்-டி வாலில். மூன்றாவது முயற்சியில் நான்கும் பச்சையாகிவிட்டன என்று வையுங்கள். எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், கூடவே டபிள்யூவில் தொடங்கும் பழஞ்சொல்லான வைட்: ஒன்பது சொல், கையில் மூன்றே வாய்ப்பு. ஒவ்வொன்றாக அடித்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். அதற்குப் பதில் நாலாவதில் விடையாக வர முடியாத ஃபிலிம்ஸை அடியுங்கள். எஃப் பச்சையானால் ஃபைட். எல், எம், எஸ் மூன்றில் எது மஞ்சளோ அதில் தொடங்குவதே விடை. இந்த நான்கும் சாம்பலானால் ஐந்தாவதாக ரெனியூ, அதாவது ஆர்-இ-என்-இ-டபிள்யூ. ஆர் பச்சையானால் ரைட். என், இ, டபிள்யூ மஞ்சளானால் முறையே நைட், எயிட், வைட். எதுவும் நிறம் காட்டாவிட்டால் டைட். ஆறாவதில் விடை உறுதி.

இந்த வித்தை ஹார்டு மோடு என்ற கடின ஆட்டமுறையில் செல்லாது. அங்கே பச்சையான எழுத்து அதே கட்டத்தில் இருந்தாக வேண்டும், மஞ்சளும் சொல்லுக்குள் வர வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு ஹார்டு மோடை இயக்க முடியாது. வீம்புக்கு அதை வைத்துக்கொள்பவர்கள் இப்படிப்பட்ட வால்களில் அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

இனி, தெரிந்த எழுத்துகளைக் கொடுத்தால் பொருந்தும் சொற்களைப் பட்டியலிடும் சொல்தேடித் தளங்கள். பெரும்பாலும் மூன்று பெட்டி: இடம் தெரிந்த எழுத்து, உள்ள எழுத்து, இல்லாத எழுத்து. சிக்கல் இரட்டை எழுத்தில் வரும். விடை எயிட் என்றிருக்க ரெனியூ அடித்தால், முதல் இ மஞ்சளாகும், இரண்டாவது இ சாம்பலாகும். அந்தச் சாம்பலுக்கு 'இரண்டாவது இ கிடையாது' என்றுதான் பொருள். அதை இல்லாத எழுத்துப் பெட்டியில் போட்டால் இ உள்ள சொல்லெல்லாம் போய்விடும், விடையும் சேர்த்து. இன்னொரு குறை, மஞ்சள் எழுத்து 'இந்தக் கட்டத்தில் மட்டும் இல்லை' என்று குறிக்கப் பல தளங்களில் வழியே இல்லை. அது இல்லாத தேடி பாதி வேலைதான் செய்யும், ஏற்கெனவே கழிந்த சொற்களைத் திரும்பக் காட்டும். பல தளங்கள் ஸ்கிராபிள் என்ற சொல்விளையாட்டின் அகராதியைக் கொட்டுவதால் பன்மைச் சொற்கள் வரிசை கட்டி நிற்கும். எஸ்ஸில் முடியும் பன்மைகளை முதலில் நீக்கிவிட்டுப் பாருங்கள், பட்டியல் நன்றாகவே இளைக்கும்.

நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் படித்தவர்களுக்கு ஹியூமர், ஃபேவர் ஆறெழுத்துச் சொற்கள். இங்கே யு இல்லாமல் ஐந்து. இரண்டுமே 2022 தொடக்கத்தில் விடையாக வந்து பிரிட்டன்காரர்களைக் கடுப்பேற்றின. அதே ஆண்டு மே மாதம் வந்த ஹோமர் பேஸ்பால் சொல். குழம்பியவர்கள் தேடிய தேடலில் கேம்பிரிட்ஜ் அகராதியின் அந்த ஆண்டுச் சொல்லாகவே அது ஆகிவிட்டது. கலர், லேபர், ஃபைபர், மீட்டர் எல்லாவற்றையும் அமெரிக்க வழியில் எழுதிப் பழகிக்கொள்வது நல்லது.

பழைய புதிர்களும் வேர்டில்பாட்டும் சந்தாதாரர்களுக்கு. பாட் ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் எத்தனை சொல் மிச்சமிருந்தது என்று காட்டி, திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் 99-க்கு மதிப்பெண் போடுகிறது. மிச்ச எண்ணிக்கை நிஜமாகவே பாடம் சொல்லும், மதிப்பெண் வெறும் அலங்காரம். டைம்ஸின் மற்ற விளையாட்டுகளும் ஆடுபவர் என்றால் சந்தா எடுக்கலாம். வேர்டிலுக்காக மட்டும் என்றால் வேண்டாம்; இலவசக் கணக்கு ஒன்று திறந்து தொடர்வெற்றிக் கணக்கைச் சேமித்துக்கொண்டாலே போதும்.