ஏற்காட்டுப் பனியில் பிபிசி மைக்ரோ: பழைய டிவியா, எல்சிடியா?

சித்தப்பா ஏற்காட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளியில் கழித்த சாமான்களை ஏலம் விட்டபோது அவர் எடுத்து வந்த பிபிசி மைக்ரோ, வீட்டுப் பரணில் பழைய வேட்டி சுற்றிக் கிடந்தது. 1981-ல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட கம்ப்யூட்டர். பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 1984-ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கும் வந்தது. எனக்கு அவர் பேசிக் என்ற புரோகிராம் மொழியைச் சொல்லித்தந்ததும் இதில்தான். அதை அவர் வீட்டு மேசையிலேயே மறுபடி ஓட வைக்க ஆசைப்பட்டேன். படம் பார்க்க பழைய டிவி, விஜிஏ கன்வெர்ட்டர், எச்டிஎம்ஐ போர்டு என்று மூன்று வழிகளையும் முயன்று, ஒன்றில் நிலைத்துவிட்டேன்.

எந்த வழி என்றாலும் முதலில் பவர் சப்ளையைத் திறந்து பாருங்கள். மெயின் கரண்ட் நுழையும் இடத்தில் தேன் நிற உறைக்குள் இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும். 100 நானோஃபாரட் ஒன்று, 10 நானோஃபாரட் ஒன்று. உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். வயதானால் உறையில் மயிரிழை போல வெடிப்பு விழும், அதன் வழியே காற்றின் ஈரத்தைக் காகிதம் குடித்துவிடும். அந்த நிலையில் 230 வோல்ட் ஏறினால் புகைந்து வெடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது எங்களுடையது காய்ந்த ஏரி மண் போலப் பாளம் பாளமாக இருந்தது. ஸ்விட்சைத் தொடாமலேயே இரண்டையும் மெயின் கரண்டுக்கென்றே செய்யப்படும் எக்ஸ்2 ரகத்தில் மாற்றிவிட்டேன்.

அப்புறம், கண்ணுக்கு முன் காதை நம்புங்கள். ஆன் செய்ததும் தாழ்ந்த சுருதியில் ஒரு ஒலி வரும். அது சவுண்ட் சிப் தானாக எழுப்புவது. ஆபரேட்டிங் சிஸ்டம் எழுந்து அதை அடக்கிவிட்டு, உயர்ந்த சுருதியில் ஒரு பீப் கொடுக்கும். இரண்டாவது ஒலி கேட்டும் திரை இருட்டாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் படம் போகும் பாதையில்தான். முதல் ஒலியே நிற்காமல் இழுத்தால் எந்த மானிட்டரை மாற்றியும் பயனில்லை, உள்ளே போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, மானிட்டருக்கு வருவோம். முதல் வழி பழைய டிவி. அதன் ஆன்டெனா சாக்கெட் வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, படம் இரைச்சலோடுதான் வரும். டிவியில் மஞ்சள் நிற ஏவி சாக்கெட் இருந்தால் அதில் கொடுங்கள். என் போர்டில் அந்தப் பாதையில் கறுப்பு வெள்ளைதான் வந்தது. எஸ்39 என்ற இணைப்பைப் போட்டதும் கலர் வந்தது. 21 இஞ்ச் பிக்சர் ட்யூபில் முதன்முதலாக '>' குறியும், பக்கத்தில் கண் சிமிட்டும் கோடும் வந்தபோது சித்தப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழகில் அந்தத் திரைக்கு ஈடு கிடையாது. ஒரே குறை, மோட் 0 என்ற திரை அமைப்பில் ஒரு வரிக்கு 80 எழுத்து வரும்போது கலரில் எல்லாம் இழுகிவிடும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது படம் இல்லை, பராமரிப்பு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மஞ்சு ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பிக்சர் ட்யூபுக்குப் போவது 20,000 வோல்ட்டுக்கு மேல். ஒரு நாள் காலை டிவியை ஆன் செய்ததும் பின்னாலிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம், கூடவே ஒரு கூர்மையான வாடை. விளக்கை அணைத்துவிட்டு முதுகுப்புற ஓட்டை வழியாகப் பார்த்தால், ட்யூபில் ஒட்டியிருக்கும் ரப்பர் மூடியைச் சுற்றி நீல நிறத்தில் நூல் நூலாக ஒளி. தூசியும் ஈரமும் சேர்ந்து அந்த வோல்டேஜுக்கு வழி விட்டிருந்தது. நீங்களே திறந்து துடைக்கப் போகாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் சார்ஜ் நிற்கும்.

அந்த கனத்த டிவியைக் காரில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் சுத்தம் செய்து காய வைத்துக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் அதே சத்தம். மூன்றாம் முறை எல்ஓடி, அதாவது அந்த உயர் வோல்டேஜைத் தரும் டிரான்ஸ்ஃபார்மர், போய்விட்டது. “புதுசு வர்றதே இல்லீங்க தம்பி, கழிச்ச செட்டுல இருந்துதான் கழட்டிப் போடணும்” என்றார். ஒரு மாதம் கழித்துப் போட்டும் கொடுத்தார். ஆனால் அவரைப் போல ட்யூப் டிவி பார்ப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாமானும் இல்லை, கையும் குறைகிறது என்றால் மலைமேல் அதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது?

இரண்டாவது வழி, ஆர்கேட் விளையாட்டு மெஷின்களுக்கென்று மலிவாக விற்கும் விஜிஏ கன்வெர்ட்டர் போர்டு. பிபிசி மைக்ரோவின் ஆர்ஜிபி சாக்கெட்டில் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் சாக்கெட்) படத்தின் வரிகள் வரும் வேகம் 15.625 கிலோஹெர்ட்ஸ், விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பதோ 31.5-க்குப் பக்கம். அதனால் நேராகக் கொடுக்க முடியாது, இந்த போர்டு நடுவில் நின்று மாற்றித் தரும். ஆனால் பிபிசி மைக்ரோ தருவது அதைவிட உயர்ந்த டிஜிட்டல் வோல்டேஜ், போர்டு கேட்பது 0.7 வோல்ட். நடுவில் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். படம் வந்தது, எழுத்தின் விளிம்புகள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. அவசரத்துக்கு ஆகும்.

நான் நிலைத்தது ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ போர்டில். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டி கம்ப்யூட்டரின் மேல் உட்காரும் சின்ன அட்டை. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. முதலில் பிபிசி மைக்ரோவுக்கென்றே உருவானது. சிக்னலை உத்தேசமாகப் பிடிக்காமல் மெஷினின் ஒவ்வொரு புள்ளியையும் சரியான நேரத்தில் படிக்கிறது. மோட் 0-வில் ஆங்கில எம் எழுத்தின் மூன்று கால்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அருகில் போய்ப் பார்த்தார். டெலிடெக்ஸ்ட் (டிவியில் எழுத்தாக வரும் தகவல் பக்கம்) பாணியில் வரும் மோட் 7-ஐயும் தானே கண்டுகொண்டு மாறுகிறது. அதைவிட முக்கியம், எல்சிடி போனால் வேறொன்றை மாட்டிவிடலாம், பை போனால் இன்னொரு பை. எதற்காகவும் மலை இறங்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் நொடிக்கு 50 முறை படம் வரைகிறது. பல கம்ப்யூட்டர் மானிட்டர்கள் 60-ஐ மட்டும் ஏற்பவை. என் பழைய ஆபீஸ் மானிட்டரில் 50 எடுபடவில்லை. வீட்டு எல்சிடி டிவியில் உடனே எடுத்தது. இந்த போர்டோடு எனக்கு ஒரு மழைக்காலம்தான் பழக்கம், அதில் ஒரு நாள்கூடச் சிக்கல் தரவில்லை.

பழைய டிவியைத் தூக்கிப் போடவில்லை. சேலத்தில் எங்கள் வீட்டில், காய்ந்த காற்றில், எல்ஓடி மாற்றிய பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிறது. மலையடிவாரத்திலோ ஊருக்குள்ளோ இருப்பவர் கையில் நல்ல ட்யூப் டிவி இருந்தால் அதிலேயே தொடங்கலாம். மலைமேல் இருப்பவர்கள் ட்யூப் டிவிக்குச் செலவாகும் பணத்தை ராஸ்பெர்ரி பைக்கும் அட்டைக்கும் எடுத்து வைப்பது நல்லது.