ஆசிலேட்டர் கிட்: மத்த பார்ட்ஸ் ஓகே, செய்முறை பேப்பரும் பஸ்ஸரும்தான் காலை வாருது

ஆசிலேட்டர்னா தானாவே மாறி மாறி ஆன் ஆஃப் ஆகுற சர்க்யூட், அத நாமளே செஞ்சு பாக்குற கிட் இது, 450 ரூபாய்க்கு ஆன்லைன்ல வாங்குனது. கம்பெனி பேரு வேண்டாம், இதே பொட்டலத்த நாலஞ்சு பேருல விக்கிறாங்க. எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு லீவுல பொழுது போகட்டும்னு வாங்குனேன், கடைசில ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அத வெச்சுட்டு உக்காந்திருந்தது நான்தான்.

சின்ன பிரெட்போர்டு (சாலிடர் இல்லாம பார்ட்ஸ சொருகுற பலகை), 555 ஐசி (டைமர் சிப்) ரெண்டு, பிசி547 டிரான்சிஸ்டர் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற மூணு கால் பார்ட்) நாலு, எல்இடி, ரெசிஸ்டர், கெபாசிட்டர், கீச்னு கத்துற பஸ்ஸர். 9 வோல்ட் பேட்டரி நாமதான் வாங்கணும்.

மொத சர்க்யூட் 555ல எல்இடி மினுக்குறது, பத்தே நிமிஷத்துல ஓடிருச்சு. 10கே, 68கே ரெசிஸ்டர், 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், இதுக்கு கணக்குப்படி செகண்டுக்கு ஒரு தடவ மினுக்கணும். இவ வாட்ச்ச வெச்சு எண்ணிட்டு "நிமிஷத்துக்கு 54 தான்ப்பா வருது"ங்கிறா. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்ல எழுதியிருக்குற அளவே 20 பர்சண்ட் முன்னபின்ன இருக்கும், அதச் சொல்லிப் புரியவைக்க ஒரு டீ நேரம் ஆச்சு.

ரெண்டாவது, ரெண்டு டிரான்சிஸ்டர வெச்சு ரெண்டு எல்இடி மாறி மாறி எரியுறது. எரியல. வயர மாத்தி, பேட்டரிய மாத்தி, எல்இடிய திருப்பிப் போட்டு எல்லாம் பாத்தாச்சு. அப்பறம்தான் தெரியுது பேப்பர்ல டிரான்சிஸ்டரோட கால் படமே தப்பு. தட்டைப் பக்கம் நம்மளப் பாத்து கால் கீழ இருந்தா பிசி547க்கு இடதுலேர்ந்து கலெக்டர், பேஸ், எமிட்டர், இவங்க போட்டுருக்குறது எமிட்டர், பேஸ், கலெக்டர், அது 2என்3904ங்கிற வேற டிரான்சிஸ்டருக்கு உள்ளது, எங்கேயோ இருந்து படத்த சுட்டுட்டு பார்ட்ட மட்டும் மாத்திட்டாங்க போல. திருப்பிச் சொருகுன உடனே டக் டக்னு மாறி மாறி எரிஞ்சுச்சு.

ஆனா பெரிய கூத்து பஸ்ஸர்லதான். பொட்டென்ஷியோமீட்டர (திருகி அளவ மாத்துற ரெசிஸ்டர்) திருகுனா சுருதி ஏறி எறங்கணும்னு போட்டுருக்கு. நான் கடைசி வரைக்கும் திருகிட்டேன், கரகரப்பு கூடுச்சே தவிர அதே கீச்தான். சந்தேகம் வந்து கழட்டி ரெண்டு பென்டார்ச் செல்லுல நேரா வெச்சேன், தானாவே கத்துது! அதுக்குள்ளயே ஒரு ஆசிலேட்டர் இருக்குற ஆக்டிவ் பஸ்ஸர். ஆசிலேட்டர் செய்யச் சொல்லிக் குடுக்குற கிட்டுக்குள்ள ரெடிமேடு ஆசிலேட்டர வெச்சு அனுப்பிருக்காங்க. உள்ள ஆசிலேட்டர் இல்லாத பேசிவ் பஸ்ஸரா இருந்தா செல்லுல வெச்சதும் ஒரு 'டிக்'கோட சரி. பழைய பொம்மைக் கார்ல இருந்த 8 ஓம் ஸ்பீக்கர கழட்டி, 100 ஓமும் ஒரு கெபாசிட்டரும் வழியா குடுத்தப்பறம் பொண்ணு அத வெச்சு ஆம்புலன்ஸ் ஓட்டிட்டிருக்கா.

சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட் போங்க, இதே சாமான் கம்மியா கிடைக்கும். நாங்க தேனி பக்கம், எங்களுக்கு கொரியர்தான் கதி. 3 ஸ்டார். பஸ்ஸர மாத்திக் குடுங்கன்னு மெயில் போட்டேன், நாலே நாள்ல வந்துச்சு. அதுவும் ஆக்டிவ் பஸ்ஸர்தான்.